சாட்சியின் பெயர் யார் கையில்? – கூகுள் ஷீட்டைப் பகிர்வதற்கு முன்

(சாதி வன்கொடுமைகளை ஆவணப்படுத்தும் தன்னார்வலர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் களத்தில் வாக்குமூலம் எடுப்பது பற்றியும் மூத்த தோழர்கள் பேசினார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கூகுள் ஷீட்டை எப்படிப் பாதுகாப்பாகப் பகிர்வது என்பது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி ஒரு தலைப்பா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆனால் நீங்கள் வெயிலில் அலைந்து திரட்டிய அத்தனையும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த ஷீட்தான். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம்மிடம் இருக்கும் ஒரு ஷீட்டில் வழக்கமாக என்னென்ன இருக்கும்? பாதிக்கப்பட்டவரின் பெயர், சாதி, ஊர், தெரு, செல்பேசி எண். சம்பவம் நடந்த நாள். எதிரிகளின் பெயர், சாதி. எப்.ஐ.ஆர். எண், சட்டப்பிரிவுகள். சாட்சிகளின் பெயரும் எண்ணும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதில்தான் நாம் மனம்விட்டு எழுதுகிறோம்: 'குடும்பம் பயத்தில் இருக்கிறது', 'இப்போது சித்தி வீட்டில் தங்கியிருக்கிறார்', 'சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள்', 'சாட்சி தடுமாறுகிறார்'.

இதையே எதிர்த்தரப்பின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். யாரை மிரட்டுவது, எங்கே போய் மிரட்டுவது, யாரிடம் பணம் பேசினால் மடங்குவார் என்று எல்லாமே அதில் இருக்கிறது. அவர்கள் ஊர் ஊராக அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியதை நாமே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம்.

பட்டியல் ஏன் வேண்டும்?

ஆபத்து என்றால் பட்டியலே போட வேண்டாமே என்று கேட்கலாம். அது முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 57,582. 'பதிவான' என்ற சொல்லைக் கவனியுங்கள். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பியதும், சாதாரணப் பிரிவில் பதிந்து மூடியதும், காவல் நிலைய வாசலிலேயே கட்டப்பஞ்சாயத்து பேசி முடித்ததும் இந்த எண்ணில் வராது. அந்தக் கணக்கை வைத்திருக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

வழக்கு நடத்தவும் பட்டியல் வேண்டும். விதிகளின்படி 60 நாட்களுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கொலை வழக்கில் உடற்கூராய்வு முடிந்ததும் பாதி நிவாரணம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. எந்த வழக்கில் எத்தனை நாள் கடந்தது, எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தவணை வரவில்லை என்று பத்து மாவட்டத்துக்குப் பார்க்க வேண்டுமானால் நோட்டுப் புத்தகம் போதாது. பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் எழுதவும் பார்க்கவும் ஓர் இணைய ஷீட் தேவை.

நமக்கு முன்னால் போராடியவர்களும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வதை எதிர்த்து எழுதிய ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகத்தை 1892இல் மெம்பிஸ் நகரில் ஒரு வெள்ளைக் கும்பல் அடித்து நொறுக்கியது. அவர் அதன்பின் 1895இல் 'தி ரெட் ரெக்கார்ட்' நூலைக் கொண்டுவந்தார். கொல்லப்பட்டவர்கள், இடம், சொல்லப்பட்ட காரணம் என்று வரிசையாக அதில் இருந்தன. யாரும் மறுக்கக்கூடாது என்பதற்காக, வெள்ளையர்கள் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' வெளியிட்ட கணக்குகளையே அவர் எடுத்தாண்டார்.

இங்கே சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இறந்தவரின் பெயர், இறந்த நாள், இடம் என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அந்தக் குடும்பம் நிவாரணத்தைக் கேட்க முடியும். 'அப்படி யாரும் சாகவில்லை' என்று அதிகாரிகள் சொல்லும்போது பட்டியல்தான் பதில்.

இந்த இரண்டு பட்டியல்களும் வெளியே வர வேண்டியவை. இறந்தவரின் பெயரை உலகுக்குச் சொல்ல வேண்டும். உயிரோடு அதே ஊரில் இருக்கும் சாட்சியின் பெயர் அப்படியல்ல. நாம் செய்யும் முதல் பிழை இந்த இரண்டையும் ஒரே ஷீட்டில், ஒரே லிங்க்கில் வைப்பது.

சட்டம் மறைக்கச் சொல்வது

2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது அது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களிலும் தீர்ப்பிலும் சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் அதில் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது.

போராடிப் பெற்ற உரிமை இது. நீதிமன்றத்திடம் மறைக்கச் சொல்லி மனுப் போடும் அதே பெயரை, நம் வாட்ஸ்அப் குழுவில் உள்ள 200 பேரில் யார் வேண்டுமானாலும் திறக்கும் ஷீட்டில் வைத்துவிட்டு, எந்த முகத்தோடு நீதிமன்றம் போவது?

சாட்சி என்றால் என்ன விலை என்று நமக்குத் தெரியும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட வேண்டியிருந்தது. முக்கிய சாட்சி உட்படப் பலர் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். கோயில் சிசிடிவி பதிவு உள்ளிட்ட சான்றுகள் இருந்ததால் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023இல் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நாடே பார்த்த வழக்கில் நிலைமை இது. செய்தித்தாளில் ஒரு பத்திகூட வராத வழக்குகளில் சிசிடிவி இருக்காது. அங்கே ஒன்றோ இரண்டோ சாட்சிகள்தான் மொத்த வழக்கும். அவர்களின் எண் வெளியே போனால் வழக்கு போயிற்று.

12 மணி நேரத்தில் நடந்தது

லிங்க் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் மொய்ரா டோனகன் என்ற பத்திரிகையாளர் ஒரு கூகுள் ஷீட்டை உருவாக்கினார். ஊடகத்துறையில் பாலியல் தொல்லை தரும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். லிங்க் கிடைத்தவர்கள் பெயர் சொல்லாமல் எழுதலாம். சில தோழிகளுக்கு அனுப்பினார். அவர்கள் சிலருக்கு அனுப்பினார்கள். சில மணி நேரத்தில் 70க்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் ஏறிவிட்டன. பத்திரிகைகளுக்கும் தெரிந்துவிட்டது. சுமார் 12 மணி நேரத்தில் அவர் அதை மூடிவிட்டார். அதற்குள் பிரதிகள் வெளியே போய்விட்டன.

2018 ஜனவரியில் அவர் தன் பெயரை வெளியே சொல்லும் நிலை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பட்டியலில் இருந்த ஓர் எழுத்தாளர் அவர்மீதும், ஷீட்டில் எழுதிய பெயர் தெரியாத பெண்கள்மீதும் அவதூறு வழக்குப் போட்டார். எழுதியவர்கள் யார் என்ற விவரத்தைக் கூகுளிடமிருந்தே கேட்டுப் பெறப்போவதாக வழக்குத் தரப்பு சொன்னது. 2023இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. 12 மணி நேரம் திறந்திருந்த ஒரு ஷீட்டுக்காக நான்கு ஆண்டுகளுக்கும் மேல் நீதிமன்றம்.

அதே 2017 அக்டோபரில் இந்தியக் கல்விப்புலத்திலும் ஒரு பட்டியல் வந்தது. ராயா சர்க்கார் வெளியிட்டது. அதன்மீது பெரிய விவாதம் நடந்தது. அது வேறு பேச்சு. ஆனால் வெளியான பட்டியலில் புகார் சொன்ன பெண்களின் பெயர்கள் இல்லை. எதை வெளியிடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்ற பிரிப்பு அதில் இருந்தது. நமக்கு வேண்டிய பாடம் அந்தப் பிரிப்புதான்.

ஷேர் பொத்தானுக்குள் என்ன இருக்கிறது?

இப்போது உங்கள் செல்பேசியை எடுங்கள். ஷீட்டில் 'ஷேர்' என்பதை அழுத்தினால் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிச் சேர்ப்பது. இன்னொன்று, 'ஜெனரல் ஆக்சஸ்' என்ற இடத்தில் 'ரெஸ்டிரிக்டட்' என்பதற்குப் பதிலாக 'எனிஒன் வித் த லிங்க்' என்று மாற்றுவது.

இரண்டாவதில் லிங்க் கையில் இருப்பதே தகுதி. கடவுச்சொல் கேட்காது, கணக்குக்கூட கேட்காது. மாவட்டப் பொறுப்பாளருக்கு அனுப்பிய லிங்க்கை அவர் குழுவில் போட, குழுவில் இருக்கும் ஒருவர் தன் மச்சானுக்கு அனுப்ப, அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இப்படித் திறப்பவர்கள் ஷீட்டின் மேல்மூலையில் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு விலங்கின் படமாகத்தான் தெரிவார்கள். கொலை வழக்கின் சாட்சிப் பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பது நம் தோழரா, எதிரியின் உறவினரா என்பதை அந்தப் படத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே முதல் விதி: ஆட்களைப் பற்றிய எந்த ஷீட்டும் 'ரெஸ்டிரிக்டட்' நிலையில்தான் இருக்க வேண்டும். பெயர் தெரிந்த ஆள், அவருடைய மின்னஞ்சல், அவ்வளவுதான். அந்த லிங்க்கை யாராவது பரப்பினாலும் புதியவருக்குக் கதவு திறக்காது. அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். அப்படி வந்தால் உடனே 'சரி' கொடுக்காதீர்கள். அந்தத் தோழரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கேட்டது அவர்தானா என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, யாருக்கு என்ன அனுமதி. 'வியூவர்' பார்க்கலாம். 'கமென்ட்டர்' கருத்து எழுதலாம். 'எடிட்டர்' மாற்றலாம். நாம் பாசத்தில் எல்லோரையும் எடிட்டர் ஆக்கிவிடுகிறோம். வழக்கமான அமைப்பில் எடிட்டராக இருப்பவர் புதிய ஆட்களையும் சேர்க்கலாம், அனுமதிகளையும் மாற்றலாம். ஷேர் பெட்டியில் ஒரு பல்சக்கரப் படம் இருக்கும். அதற்குள் போய் இந்த அதிகாரத்தை நிறுத்துங்கள். அதற்குக் கீழேயே, பார்ப்பவர்கள் பதிவிறக்குவதையும் பிரதி எடுப்பதையும் தடுக்கும் வசதியும் இருக்கிறது. அதையும் நிறுத்தி வையுங்கள். திரையைப் படம் எடுப்பதை எதுவும் தடுக்காது. எனவே இந்த வசதியை நம்பி, பார்க்கக்கூடாதவரைச் சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, பலரும் பாதுகாப்பு என்று நினைத்து ஏமாறும் இடங்கள். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தியை மறைத்து வைப்பது பாதுகாப்பு கிடையாது. ஒரு பிரதி எடுத்து, மறைத்ததைத் திறந்துவிடலாம். 'புரொடெக்ட் ரேஞ்ச்' என்பதும் அப்படித்தான். தவறுதலாக யாரும் அழித்துவிடாமல் இருக்கத்தான் அது. இதைப் பாதுகாப்பு நடவடிக்கையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது.

பெயரை அழித்துவிட்டால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய ஷீட் அப்படியே இருக்கும். எடிட்டர் எவரும் பார்க்கலாம். பெயர் நீக்கிய ஷீட்டை வெளியாருக்குக் கொடுக்க வேண்டுமானால் புதிய பிரதி எடுத்து, அதில் நீக்கி, அந்தப் பிரதியின் வரலாற்றையும் யோசித்து, வேண்டிய பத்திகளை மட்டும் வெற்று ஷீட் ஒன்றில் ஒட்டிக் கொடுங்கள்.

டிரைவில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தால், அதற்குள் போடும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் அந்த ஃபோல்டரின் அனுமதி வந்து சேரும். 'முகாம் படங்கள்' ஃபோல்டருக்குள் சாட்சிப் பட்டியலைப் போட்டால், படம் பார்க்க வந்தவர் சாட்சியையும் பார்ப்பார்.

'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரம் வைத்து ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் இழுப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், இழுக்கும் ஷீட்டின் எடிட்டர் எவரும் மூல ஷீட்டின் எந்தப் பகுதியையும் இழுக்கலாம். நீங்கள் நினைத்த ஒரு பத்தியோடு அது நிற்காது.

கூகுள் ஃபார்ம் வழியாகப் புகார் வாங்குகிறோம் என்றால், பதில் தந்தவர்களுக்கு மொத்த முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பார்.

இரண்டு ஷீட்டாகப் பிரியுங்கள்

இத்தனை அமைப்புகளையும் சரி செய்த பிறகும் நான் பெரிதாக நம்புவது வேறொன்றை. எழுதாத தகவல் கசியாது. அதனால் ஒரு ஷீட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

முதல் ஷீட் சாவி. அதில் ஒரு குறியீடு, அதற்கு நேரே பெயர், முகவரி, எண். இது இரண்டு அல்லது மூன்று பேரிடம் மட்டும் இருக்கும். இணையத்திலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. லிப்ரே ஆபீஸில் ஒரு கோப்பாக, கடவுச்சொல் போட்டுச் சேமித்து, ஒரு பென்டிரைவில் பிரதியும் வைக்கலாம். இரண்டாவது ஷீட் வேலைக்கானது. 'வி-07, சா-2' என்பதுபோலக் குறியீடும், தேதிகளும், வழக்கின் நிலையும், நிவாரணத் தவணையும் மட்டும் அதில் இருக்கும். மாவட்டத் தோழர்கள், வழக்கறிஞர்கள், ஆய்வாளர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டாவது போதும். 60 நாள் கடந்ததா என்று பார்க்க யாருக்கும் சாட்சியின் வீட்டு எண் தேவைப்படாது. குறியீட்டில் ஊரின் முதலெழுத்தையோ பெயரின் முதலெழுத்தையோ சேர்க்காதீர்கள்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பதும் உண்மையில்லை. அமெரிக்க ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார். நம் நாட்டில் சாதி என்ற ஒரு பத்தியே போதும். பல்கலைக்கழகப் பாகுபாடு பற்றிய ஒரு ஷீட்டில் 'வேதியியல் துறை, முனைவர் பட்டம் மூன்றாம் ஆண்டு, அருந்ததியர், பெண்' என்று எழுதியிருந்தால் பெயர் எதற்கு? அந்தத் துறையில் அப்படி ஒருவர்தான் இருப்பார். அவருடைய நெறியாளருக்கு ஒரு நொடி போதும். கிராமத்திலும் அப்படித்தான். 12 வீடு உள்ள தெருவில் 'கல்லூரியில் படிக்கும் மகன்' என்று எழுதினால் ஆளைக் காட்டியதாகவே பொருள். ஆகவே பொதுவில் கொடுக்கும்போது துறைக்குப் பதில் புலம், ஊருக்குப் பதில் மாவட்டம், வயதுக்குப் பதில் வயது வரம்பு என்று அகலப்படுத்துங்கள்.

'குறிப்பு' பத்தி பற்றி ஒரு சொல். 'சாட்சி தடுமாறுகிறார்' என்பதை ஷீட்டில் எழுதவே வேண்டாம். அதை வழக்கறிஞரிடம் நேரில் சொல்லுங்கள்.

ஷீட்டின் உரிமையாளர் யார்?

இப்போது நான் முக்கியமாகப் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

இப்படிக் கட்டுப்பாடு போடுவது ஜனநாயகத்துக்கு எதிரானது இல்லையா என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறிவைப் பூட்டி வைத்து, இன்னார் படிக்கலாம், இன்னார் கேட்கவே கூடாது என்று சொன்ன அமைப்பை எதிர்த்து வந்தவர்கள் நாம். நம் சட்ட விளக்கங்கள், மாதிரி மனுக்கள், நிவாரணத் தொகை விவரம், மாவட்ட வாரியான எண்ணிக்கை எல்லாவற்றையும் யாரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். அவற்றுக்கு 'எனிஒன் வித் த லிங்க்' என்பதே சரியான அமைப்பு. பூட்ட வேண்டியது ஒருவருடைய வாழ்க்கை விவரத்தை. அது நம்முடைய அறிவுச் சொத்து கிடையாது. அவர் நம்மை நம்பிக் கொடுத்தது.

ஆனால் பூட்டு என்று வந்துவிட்டால், சாவி யாரிடம் என்ற கேள்வியும் கூடவே வரும். நடைமுறையில் சாவி யாரிடம் இருக்கிறது? நகரத்தில் இருக்கும் தொண்டு நிறுவன அலுவலகத்தில், ஆங்கிலம் தெரிந்த ஒருங்கிணைப்பாளரிடம், என்னைப் போன்ற ஆய்வாளரிடம். சேரியில் வீடு வீடாகப் போய்த் தகவல் எடுத்த தங்கை வெறும் எடிட்டர். சில இடங்களில் அதுவும் இல்லை. ஃபார்மை நிரப்பி அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. தன் ஊரைப் பற்றித் தானே எழுதியதைத் திரும்பப் பார்க்க அவர் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. தகவல் கசிந்தால் மிரட்டல் வருவது அவர் வீட்டு வாசலுக்கு. கட்டுரை வெளியானால் பெயர் வருவது ஆய்வாளருக்கு. நாம் எதிர்க்கும் வேலைப் பிரிவினையை நம் ஷீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது.

எனவே சாவி ஷீட்டை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரில் ஒருவராவது அந்த மக்களிடமிருந்து வந்தவராக, களத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதைக் குழு மாதம் ஒருமுறை கூடிப் பார்க்க வேண்டும். அமைப்பை விட்டுப் போனவர், வழக்கு முடிந்து விலகிய வழக்கறிஞர், படிப்பு முடித்துப் போன மாணவர் ஆகியோரை அன்றே நீக்குங்கள். கோபம் வேண்டாம், வேலை முடிந்தது, அவ்வளவுதான். 'என்னை நம்பவில்லையா?' என்று கேட்கும் மூத்தவர்கள் இருப்பார்கள். 'நம்புகிறோம் அண்ணே, உங்கள் செல்பேசி தொலைந்தாலும் சாட்சி தொலையக்கூடாது இல்லையா' என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

ஆய்வு மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் இயக்கத்தின் ஷீட்டை உருவாக்காதீர்கள். அந்தக் கணக்கை நிர்வகிப்பது நிறுவனம். படிப்பு முடிந்ததும் கணக்கு மூடப்பட்டால் ஷீட்டும் அதோடு போகலாம். நீங்கள் ஆவணப்படுத்துவது அதே நிறுவனத்தின் பாகுபாட்டை என்றால், யோசிக்கவே வேண்டாம்.

தகவல் கொடுத்தவரின் ஒப்புதலும் இதில் சேரும். கேள்வி கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: இதை எங்கே எழுதி வைப்போம், யார் யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று பின்னால் சொன்னால் எடுத்துவிடுவோம். அம்மாக்களிடம் கூகுள் ஷீட் என்று சொல்ல வேண்டியதில்லை. 'உங்கள் பெயரை இந்த இரண்டு பேர் மட்டும் வைத்திருப்போம்மா, வேறு யாருக்கும் காட்ட மாட்டோம்' என்றால் போதும். சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும், அதுதான் கடினம்.

ஷேர் பொத்தானுக்கு வெளியே

ஷீட் பூட்டியிருந்தாலும் அதைத் திறக்கும் கருவி திறந்திருந்தால் பயனில்லை. சாவி ஷீட் வைத்திருப்பவர்களின் கணக்கில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' கட்டாயம் இருக்க வேண்டும். செல்பேசிக்குத் திரைப்பூட்டு வேண்டும். பிரவுசிங் சென்டரிலோ மற்றவர் கணினியிலோ சாவி ஷீட்டைத் திறக்கவே கூடாது.

பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினிப் பிரதியை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியாக 22 மாதங்களுக்கும் மேல் அந்தக் கணினி வெளியாரின் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும், வழக்கின் ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அவருக்குத் தெரியாமல் உள்ளே வைக்கப்பட்டதாகவும் அது சொன்னது. அது நுழைந்தது எப்படி? அறிமுகமான ஒரு தோழரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த ஒரு கோப்பைத் திறந்ததன் வழியாக. தேசியப் புலனாய்வு முகமை அந்த அறிக்கையை ஏற்கவில்லை. நமக்கு அதில் உள்ள பாடம் எளிது: தெரிந்தவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராமல் வந்த கோப்பையும் லிங்க்கையும் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகே திறக்க வேண்டும்.

கூகுளும் நம்முடையது கிடையாது. ஷீட் அவர்களின் கணினியில் இருக்கிறது. சட்டப்படி கேட்டால் அரசுக்குக் கொடுப்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி காவல்துறையோ நீதிமன்றமோ ஆவணங்களையும் மின்னணுத் தகவல்களையும் கேட்க முடியும். இதைத் தவிர்க்க விரும்பினால் கிரிப்ட்பேட் போன்ற சேவைகள் இருக்கின்றன. அதை நடத்துபவர்களாலேயே உள்ளடக்கத்தைப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட ஷீட் அதில் கிடைக்கும். ஆனால் கடவுச்சொல்லைத் தொலைத்தால் மீட்டுத் தர ஆள் இல்லை. பழக்கம் இல்லாத கருவியைத் திணித்தால் தோழர்கள் அதை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் பெயர்களை எழுத ஆரம்பிப்பார்கள். அது இன்னும் மோசம். வேலை ஷீட் கூகுளில் இருக்கட்டும். சாவியை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள். பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே போதும்.

இன்றிரவு செய்ய வேண்டியது

ஊருக்குத் திரும்பும் பேருந்திலேயே தொடங்கலாம். உங்களிடம் உள்ள ஒவ்வொரு ஷீட்டையும் திறந்து 'ஜெனரல் ஆக்சஸ்' என்ன என்று பாருங்கள். ஆட்களின் விவரம் இருந்தால் 'ரெஸ்டிரிக்டட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிஷ் டு வெப்' செய்யப்பட்டிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஷேரை மூடினாலும் அது மூடாது. பட்டியலில் உள்ள பெயர்களைப் படித்து, அடையாளம் தெரியாதவரையும் வேலை முடிந்தவரையும் நீக்குங்கள். அடுத்த வாரம் குழுவாக உட்கார்ந்து சாவியையும் வேலை ஷீட்டையும் பிரியுங்கள்.

இதற்குக் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெயரை ஒரு கட்டத்தில் எழுதும்போது, இந்த வரியை எதிரி படித்தால் இவருக்கு என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்தால் போதும். சாட்சி சொல்ல முன்வந்த ஒருவர் நம்மிடம் தன் பெயரைக் கொடுக்கும்போது ஊரையே எதிர்த்து நிற்கத் துணிகிறார். அந்தத் துணிச்சல் நீதிமன்றக் கூண்டு வரை போய்ச் சேர வேண்டும். நடுவில் நம்முடைய ஷீட்டில் தொலைந்துவிடக் கூடாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். செல்பேசியில் அமைப்புகளை மாற்ற உதவி வேண்டுபவர்கள் பின்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

ஜெய்பீம்.